தழும்புக்காரியின் வீட்டுத் தழும்பு

தீக்காயப் பிரிவில் அவளுக்குத் தழும்புக்காரி என்று பெயர். வைத்தவர்கள் நோயாளிகள். காதுபடவே கூப்பிட்டார்கள், அவளும் அதைப் பட்டம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டாள். பிசியோதெரபிஸ்ட் என்ற சொல் வாயில் நுழையாதவர்கள்கூட, "தழும்புக்காரம்மா வந்தாச்சா?" என்று விசாரித்துவிட்டுத்தான் பெஞ்சில் உட்காருவார்கள்.

வெந்து ஆறிய கைகள், மார்போடு ஒட்டிக்கொண்ட முழங்கைகள், கழுத்தோடு இழுத்துக்கொண்ட தாடைகள் எல்லாம் அவள் மேஜைக்குத்தான் வரும். வெதுவெதுப்பான மெழுகில் முக்கி எடுப்பாள். களிம்பு தடவி, கட்டைவிரலால் தழும்பை அழுத்தி உருட்டுவாள். பிறகு மூட்டைப் பிடித்து நீட்ட ஆரம்பிப்பாள். வார்டே அதிரக் கத்துவார்கள். அவள் அசர மாட்டாள். "கத்துறது உங்க வேலை, நீட்டுறது என் வேலை" என்பாள். வேண்டியவர் வேண்டாதவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே பாடம்தான்: வலிக்கிறது என்று விட்டால் தழும்பு ஜெயித்துவிடும், வீட்டிலும் தினமும் நீட்ட வேண்டும், அழுதுகொண்டாவது நீட்ட வேண்டும்.

அவளுக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய். அடுப்பு வெடித்துக் கை வெந்த பேக்கரிக்காரர் ஒருவர், பல மாதம் அவளிடம் கத்திவிட்டு, ஒருநாள் தன் சட்டைப் பொத்தானைத் தானே மாட்டிக் காட்டினார். அன்று அவள் வார்டு முழுக்க அவரைக் கூட்டிக்கொண்டு சுற்றினாள். "பாத்துக்கோங்க, இந்தக் கையைத்தான் வெட்டி எடுத்துடலாம்னு சொன்னாங்க" என்று படுக்கை படுக்கையாக நின்று சொன்னாள். யாராவது பாராட்டினால் அடக்கமாகச் சிரிக்கும் பழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது. ஆமாம், நான்தான் என்பாள்.

அந்தக் கர்வத்தில் பாதிக்குச் சொந்தக்காரர் அவள் கணவர். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். முதல் ஷிப்ட் முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்து, அவள் அறைக்கு வெளியே நோயாளிகளோடு நோயாளியாகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அறைக்கும் பெஞ்சுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரைதான். உள்ளே அவள் போடும் சத்தம் முழுக்கக் கேட்கும். பணிமனையில் டீ குடிக்கும்போது, "எங்க வீட்டம்மா கை வச்சா எந்தத் தழும்பும் இளகிடும்" என்று அவர் சொல்லாத நாள் இல்லை. கேட்டுக் கேட்டு மற்ற ஓட்டுநர்களுக்குச் சலித்துவிட்டது. அவருக்குச் சலிக்கவில்லை.

அப்படிப்பட்ட மனிதர்தான் ஒருநாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

முதுகுவலி என்றார். அவள் நம்பினாள். முதுகைப் பார்க்கட்டுமா என்றாள், வேண்டாம் என்றார். சரி, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று விட்டாள். மாதங்கள் ஓடின. முதுகு சரியாகிவிட்டது என்பது அவர் குனிந்து ஸ்கூட்டர் ஸ்டாண்டைத் தள்ளும் விதத்திலேயே தெரிந்தது, ஆனால் தலையணை திரும்பி வரவில்லை. தோளில் கை வைத்தால் ஏதோ வேலை ஞாபகம் வந்தவர் மாதிரி எழுந்துவிடுவார். ஒருமுறை கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தவளைப் பின்னாலிருந்து பார்த்தார். அவள் திரும்புவதற்குள் அங்கே இல்லை.

வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். ஊரார் உடம்பையெல்லாம் கேள்வி மேல் கேள்வி கேட்டுக் குடைகிறவளுக்கு, சொந்தக் கணவரிடம் ஏன் விலகிப் போகிறீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. அங்கேதான் கர்வம் குறுக்கே நின்றது. பிடிக்காமல் போனவரிடம் போய்ப் பிச்சை கேட்பதா? தனக்கு வயதாகிவிட்டது, இடுப்பு பெருத்துவிட்டது, உடம்பெல்லாம் வார்டு களிம்பு வாசனை என்று அவளே காரணங்களை அடுக்கிக்கொண்டாள். பகலில் தலை நிமிர்ந்து நடந்தாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் புகுந்த வீட்டில் இதற்கு ஒரு பெருமையான பெயரே இருந்தது. கட்டுப்பாடு. அவள் மாமனாரும் பேருந்து ஓட்டியவர்தான். நாற்பத்தைந்து தாண்டியதும் தனியாகப் படுக்க ஆரம்பித்தவர், கடைசிவரை அப்படியே இருந்தார். அவருடைய மூத்த மகன், அதாவது அவள் கணவரின் அண்ணன், பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எல்லோருக்கும் அவர் பெரியவர். அவரும் பல வருடமாக மாடி அறையில் தனியாகத்தான் படுக்கிறார். "நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு அந்த ஆசையெல்லாம் சீக்கிரம் அடங்கிடும்" என்று பெரியவர் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் சொல்வார். அவருடைய மனைவி, இவளுக்கு ஓரகத்தி, அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் எடுக்க எழுந்து போய்விடுவாள்.

பெருமைக்கு இன்னொன்றும் உண்டு. அந்த வீட்டு ஆண்களுக்கு வயதானால் மோதிர விரல் உள்பக்கமாக மடங்கிவிடும். மாமனாருக்கு மடங்கியிருந்தது, பெரியவருக்கும் மடங்கியிருக்கிறது. ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்த கை என்று பெரியவர் அதைத் தூக்கிக் காட்டுவார். மெடல் வாங்கியவர்கள்கூட அவ்வளவு தூக்கிக் காட்ட மாட்டார்கள். தழும்புக்காரி ஒருமுறை பார்க்கக் கேட்டபோது, "இது உழைச்ச கைம்மா, வைத்தியத்துக்கு வந்த கை இல்ல" என்று பின்னால் கட்டிக்கொண்டார். பெரியவர் கையை வம்புக்கு இழுப்பானேன் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் வீட்டில் சாப்பிடும்போதுதான் அந்தச் செய்தி வந்து விழுந்தது. தம்பி தொலைதூர வண்டிக்கு மாறுகிறான், தானே பேசி ஏற்பாடு செய்துவிட்டேன் என்று பெரியவர் பெருமையாகச் சொன்னார். தொலைதூர வண்டி என்றால் வாரத்தில் பெரும்பகுதி வேறு ஊர்களின் ஓட்டுநர் அறைகளில்தான் படுக்கை. அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிய மனைவிக்குத் தெரியாமல் அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஹாலில் படுத்தவர் இப்போது ஊரைவிட்டே போகப் பார்க்கிறார், அடுத்தது தன்னையே விட்டுப் போவதுதான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

மறுநாள் காலை அவள் விடுப்பு. அவருக்கு இரண்டாவது ஷிப்ட். சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் அவள் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரைச் சுற்றி எல்லா விரலும் பதிந்திருக்க, வலது மோதிர விரல் மட்டும் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போயிருந்தது. பல மாதமாகத் தொடவிடாத கை. தொட்டிருந்தால் எப்போதோ கண்டுபிடித்திருப்பாள்.

டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தாள். கையைக் கவிழ்த்து மேஜை மேல் தட்டையாக வைக்கச் சொன்னாள். அவர் வைத்தார். உள்ளங்கை மேஜையில் படியவில்லை, ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு இடைவெளி. திருப்பிப் பார்த்தாள். மோதிர விரலுக்கு நேர் கீழே தோலுக்கடியில் ஒரு கயிறு ஓடியது. கட்டைவிரலால் உருட்டிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை.

"அண்ணன் கை மாதிரி வருது" என்றார் அவர். அந்தச் சூழ்நிலையிலும் குரலில் லேசான பெருமை.

அவள் சிரிக்கவில்லை. இந்தக் கயிறு அவளுக்குப் பழக்கம். தோலுக்கடியில் இருக்கும் சவ்வு தானாகவே தடித்து, சுருங்கி, விரலை உள்ளே இழுக்கும். ஸ்டியரிங் பிடிக்காத கணக்குப்பிள்ளைக்கும் வரும், தையல்காரருக்கும் வரும். பெரும்பாலும் அப்பன் பாட்டன் வழியாக வருவது. படித்த காலத்தில் பாடப் புத்தகத்தில் அதைப் பற்றிக் கடைசியாக ஒரு வரி இருந்தது. இப்படிக் கை உள்ளவர்களில் சிலருக்குப் பாதத்திலும் இதேபோல் வரும், வேறு சிலருக்கு ஆணுறுப்பிலும் வரும், வந்தால் அது வளையும். தேர்வுக்காக மனப்பாடம் செய்து, எழுதிவிட்டு மறந்துபோன வரி.

ஹாலுக்குப் போன தலையணை, தோளிலிருந்து நழுவிய உடம்பு, தொலைதூர வண்டி எல்லாம் ஒரே நொடியில் வரிசையில் வந்து நின்றன. அவள் பையிலிருந்த தழும்புக் களிம்பு டியூப் ஏன் தானாக இளைத்துக்கொண்டே வந்தது என்பதும் புரிந்தது. அதற்காக வார்டு நர்ஸ் மேல் இரண்டு முறை சந்தேகப்பட்டிருந்தாள்.

உடம்பைப் பற்றிப் பேச வெட்கப்படும் பழக்கம் அவளுக்கு வேலையில் சேர்ந்த முதல் வருடத்திலேயே போய்விட்டது. நேராகவே கேட்டாள். "கீழயும் வளைஞ்சிருக்கா?"

அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை. முரட்டு முழங்கைகளையே பிடித்து வைக்கிறவளிடம் அவர் எம்மாத்திரம். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு தலையசைத்தார்.

அதற்கப்புறம் அவர் சொன்னதெல்லாம் உதிரி உதிரியாகத்தான் வந்தது. முதலில் வலி. அந்த நேரத்தில் மட்டும் வரும் வலி. பிறகு மேல்பக்கத்தில் பயறு அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. அதற்கப்புறம் வளைய ஆரம்பித்தது, மாதத்துக்கு மாதம் கூடியது. புற்றுநோய் என்று பயந்தார். எப்போதோ செய்த பாவத்துக்குத் தண்டனை என்று நினைத்தார், என்ன பாவம் என்றுதான் ஞாபகம் வரவில்லை. எல்லாவற்றையும்விட, அவள் பார்த்துவிடுவாள் என்று பயந்தார். பார்த்து முகம் சுளிப்பாளோ என்று. அவள் பரிதாபப்பட்டுவிட்டால் அதைவிட மோசம் என்று.

"டாக்டர்கிட்ட போயிருக்கலாமே" என்றாள்.

"எதுக்கு? வீட்டுலயே நீ இருக்கியே." அவர் அதைச் சமாளிப்பதற்காகச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னார். "தழும்புதானேன்னு தெரிஞ்சுது. நீ சொல்றதைத்தான் செஞ்சேன். வெந்நீர்த் துண்டு வச்சு, களிம்பு போட்டு, தினமும் நேரா இழுத்து நீட்டினேன். வலிச்சுது. வலிக்குதுன்னு விட்டா தழும்பு ஜெயிச்சிடும்னு நீதானே சொல்லுவ. பல்லைக் கடிச்சிக்கிட்டு இழுத்தேன்."

குளியலறைக் கதவுக்குப் பின்னால், சத்தம் வெளியே வராமல், எத்தனை நாள்? பச்சைத் திரைக்கு வெளியே உட்கார்ந்து கேட்ட பாடத்தை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார். அவளிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில் ஒருத்தராவது அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. அதை நினைத்தபோது, அந்த நேரத்தில் வரக்கூடாத ஒரு பெருமையும் வந்தது. வந்த வேகத்தில் பயம் அதைத் தள்ளிவிட்டு முன்னால் நின்றது. வெந்த தோலுக்குச் சொன்ன பாடம் அங்கேயும் செல்லுமா என்று அவளுக்கே தெரியாது.

அன்றைக்கே அவள் வேலை செய்யும் மருத்துவமனையில் சிறுநீரியல் துறைக்குப் போனார்கள். வேறு எங்காவது போகலாமே, உன் கூட வேலை செய்கிறவர்கள் பார்ப்பார்களே என்று அவர் தயங்கினார். பார்க்கட்டும் என்றாள். காத்திருந்தவர்கள் நடுவில், கணவர் கையைப் பிடித்துக்கொண்டு நடு பெஞ்சில் உட்கார்ந்தாள். தெரிந்த நர்ஸ் ஒருத்தி என்ன விஷயம் என்று கண்ணால் கேட்டாள். வீட்டுக்காரருக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்று கண்ணாலேயே பதில் சொல்லி அனுப்பினாள்.

டாக்டர் நடுத்தர வயது, அவசரமில்லாத ஆள். திரைக்குப் பின்னால் வைத்துப் பரிசோதித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முதலில் அவர் சொன்னது, இது புற்றுநோய் இல்லை, தொற்று நோயும் இல்லை, யாரிடமிருந்தும் வந்ததில்லை, யாருக்கும் ஒட்டாது என்பதைத்தான். கணவர் அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விட்ட சத்தம் அவளுக்குக் கேட்டது.

பிறகு டாக்டர் பெட்டியிலிருந்து ஒரு ரப்பர் கையுறையை உருவினார். அதன் ஒரு விரலில் மேல்பக்கமாகச் சின்னத் துண்டு பிளாஸ்திரி ஒட்டி, ஊதிக் காட்டினார். மற்ற நான்கு விரலும் நேராக எழுந்து நிற்க, அந்த விரல் மட்டும் பிளாஸ்திரி பக்கமாக வளைந்தது.

உறுப்புக்குள் ரத்தம் நிரம்பும் அறைகளைச் சுற்றி ஒரு கெட்டியான உறை இருக்கிறது, நீளவும் வேண்டும், இறுக்கிப் பிடிக்கவும் வேண்டும், இரண்டு வேலையும் அதற்கு என்றார். கூடும்போது ஒரு சின்ன மடங்கல், ஒரு அழுத்தம், அந்த உறையின் அடுக்குகளுக்கு நடுவே மயிரிழை அளவுக்குக் கிழியும், ரத்தம் கசியும். பல பேருக்கு எப்போது நடந்தது என்றே தெரியாது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமில்லாமல் ஆறிவிடும். சிலருக்கு மட்டும், ஆற்ற வந்த செல்கள் வேலை முடிந்தும் கிளம்பாது. கொலாஜனை நாராக நாராக அடுக்கிக்கொண்டே போகும். உறை அந்த இடத்தில் நீளாத தழும்பாகிவிடும். மற்ற பக்கம் நீளும், அந்தப் பக்கம் நீளாது, வளைவு வந்துவிடும்.

"வேலை முடிஞ்சும் வீட்டை விட்டுப் போகாத கொத்தனார் மாதிரி" என்றார் கணவர்.

டாக்டர் சிரித்துவிட்டார். அதேதான் என்றார். அந்த நிறுத்தத் தெரியாத குணம் சில குடும்பங்களில் ரத்தத்திலேயே வரும், உள்ளங்கையில் கயிறு வருவதும் அதே குணம்தான் என்று கணவரின் மோதிர விரலைத் தொட்டுக் காட்டினார். வயது, சர்க்கரை, புகை எல்லாம் கூடச் சேரும். அப்பாவுக்கு இருந்ததா என்று கேட்டார். கை இருந்தது என்றார் கணவர். மற்றது யாரிடம் கேட்பது, அப்பாதான் போய்ச் சேர்ந்துவிட்டாரே.

அப்புறம் டாக்டர் பக்கவாட்டில் ஒரு புதுக் கன்றலைப் பார்த்ததாகச் சொல்லி, வலுவாக எதுவும் செய்தீர்களா என்று கேட்டார். தினமும் இழுத்ததைக் கணவர் சொன்னார். யார் சொல்லி என்று டாக்டர் கேட்டபோது, அவர் நிமிர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் கை காட்டினார். "யாரும் எனக்குன்னு சொல்லல சார். இவங்க தீக்காயப் பிரிவுல இருக்காங்க, தழும்புன்னா இவங்களை அடிச்சிக்க ஆள் கிடையாது. திரைக்கு வெளிய உக்காந்து நானாதான் கேட்டுக்கிட்டேன்."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்குவமாகச் சொன்னார். அவங்க சொன்னது அவங்க வார்டுக்கு முழுக்கச் சரி. அது மேல்தோல், ஆறிப்போன தழும்பு, கண்ணால் பார்த்து அளந்து நீட்டுகிறார்கள். இது உள்ளே இன்னும் புண்ணாகவே இருக்கிறது. ஒவ்வொரு தடவை முறுக்கி இழுக்கும்போதும் புதுசாக ஒரு கிழிசல், அதை ஆற்றப் புதுசாகத் தழும்பு. கொத்தனாருக்கு நீங்களே தினமும் செங்கல் இறக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். இனி கையை வைக்காதீர்கள். வலிக்கு மாத்திரை, சர்க்கரை கட்டுக்குள் இருக்கட்டும், வளைவு கூடாமல் நிற்கும்வரை பொறுமை. நின்ற பிறகு ஊசி இருக்கிறது, மெதுவாக அளவோடு நீட்டும் கருவி இருக்கிறது, வேண்டுமானால் அறுவை இருக்கிறது. முழுக்கப் பழையபடி ஆகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆனால் வாழ முடியாத விஷயம் இல்லை என்றார்.

வெளியே வந்து ஸ்கூட்டர் நிறுத்துமிடத்துக்கு அவள் முன்னால் நடந்தாள். தன் பாடத்தாலேயே தன் வீட்டு மனிதருக்கு இப்படி ஆகிவிட்டதே என்று உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. அவர் ஹெல்மெட்டை அவளிடம் கொடுத்தார்.

"மூஞ்சியை இப்படி வச்சிக்காத. ஒட்டுக் கேட்டவனுக்கு அரைப்பாடம்தான் கிடைக்கும். உள்ள வந்து கேட்டிருந்தா முழுப்பாடம் கிடைச்சிருக்கும்."

அவள் ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். இத்தனை மாதமாக மனதில் நின்ற கேள்வி. "என்னைப் பிடிக்காமத்தான் ஹாலுக்குப் போனீங்கன்னு நெனைச்சேன். தெரியுமா?"

அவர் திகைத்துப் போனார். அப்படி ஒரு நினைப்பு அவளுக்கு வரும் என்பதே அவருக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை. ஆண்களின் மூளை அந்த விஷயத்தில் அப்படித்தான், தன் வளைவைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. "பிடிக்காமலா? நீ தலை வாரும்போது பாத்துட்டு ஓடிப் போனேனே, அது ஏன்னு நெனைச்ச?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நிறுத்துமிடத்துக் காவலாளி டோக்கனுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். இருவரும் அவரைக் கவனிக்கவே இல்லை.

தலையணை அன்றே அறைக்குத் திரும்பியது. இனி ஒன்றுமே செய்யக்கூடாது, சும்மா இருக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து உடம்புகளை ஏதாவது செய்துகொண்டே இருக்கச் சொன்னவளுக்கு, சும்மா இருங்கள் என்று சொல்வது புது அனுபவமாக இருந்தது. சும்மா பக்கத்தில் படுத்திருந்தார்கள். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. நேராகிறதோ இல்லையோ, இவர் என்னுடையவர் என்று அவள் திமிராகவே நினைத்துக்கொண்டாள்.

பணிமனைக்குப் போய்த் தொலைதூர வண்டி வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். செய்தி அவருக்கு முன்னால் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு பெரியவர் சாப்பாட்டு மேஜையில் கடுப்போடு உட்கார்ந்திருந்தார். தன் வாக்கு கெட்டுவிட்டது, பணிமனையில் தலை காட்ட முடியவில்லை என்று ஆரம்பித்தார். பொண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு உள்ளூரிலேயே சுற்றுகிறவன் நம் வீட்டில் யாரும் இருந்ததில்லை என்றார். அப்பா இருந்த இருப்பு என்ன, நான் இருக்கிற இருப்பு என்ன என்றார். சொல்லிவிட்டு மடங்கிய விரல் உள்ள கையை மேஜையில் ஒரு தட்டு தட்டினார்.

அவள் கணவர் தன் கையை அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு கையும் மேஜையில் படியாமல் ஒரே மாதிரி நின்றன.

"இது ஸ்டியரிங் பிடிச்சதால வந்ததில்லண்ணா. அப்பா குடுத்தது" என்றார். "கைக்கு மட்டும் குடுக்கல."

பெரியவர் முகம் மாறியது. சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டி, பொம்பளைகள் இருக்கிறார்கள் என்று அடங்கிய குரலில் எச்சரித்தார்.

"இருக்கட்டும்ணா. அவங்களுக்குத்தான் முதல்ல தெரிஞ்சிருக்கணும்."

பிறகு அவர் சொன்னார். உறையைப் பற்றி, மயிரிழைக் கிழிசலைப் பற்றி, போகாத கொத்தனாரைப் பற்றி. வலியை, கட்டியை, வளைவை, குளியலறையை, எதையும் விடவில்லை. குரலை அடக்கவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. பேருந்தில் அடுத்த நிறுத்தம் எது என்று கேட்ட பயணிக்குச் சொல்வது போலச் சொன்னார். கட்டுப்பாட்டுக்காக ஹாலுக்குப் போகவில்லை, பயந்துதான் போனேன் என்றார். தழும்புக்காரி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பேக்கரிக்காரர் பொத்தான் மாட்டியபோது அவளுக்கு வந்த பெருமை இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. அந்த வீட்டில் ஆண்கள் இரண்டு தலைமுறையாக இல்லாத பெருமையைப் பேசியிருக்கிறார்கள், இன்றைக்குத்தான் ஒருத்தர் உண்மையான ஒன்றைச் செய்கிறார் என்று தோன்றியது. எழுந்து நின்று எல்லோருக்கும் காட்ட வேண்டும் போல இருந்தது.

பெரியவர் மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் மேஜை மேல் இருந்த கையை மெதுவாக மடியில் இறக்கிக்கொண்டார்.

சமையலறை வாசலில் ஓரகத்தி டீ தட்டோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. தட்டை மேஜையில் வைத்தாள். அவள் தன் கணவரை மட்டும் பார்த்தாள்.

"அப்ப, என்னைப் பிடிக்காம மாடிக்குப் போகலையா?"

பெரியவர் தலையை நிமிர்த்தவில்லை. "உன்னைப் பிடிக்காம எப்படிடி போகும்" என்றார்.

ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். தழும்புக்காரி எழுந்து அவளைப் பிடித்துக்கொள்ளப் போனாள். ஓரகத்தி வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, பெரியவருக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் மடியிலிருந்த கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, அந்த டாக்டர் என்னெல்லாம் சொன்னார்?" என்றாள். "முதல்ல இருந்து சொல்லுங்க."